பழங்குளத்தில் விரால் குஞ்சு விடுதல்

நம் கல்லூரி மாணவருள் பலர் நன்செய் நாட்டினின்றும் வருபவர். அவர்தம் ஊர்களில் கொல்லைப்புறத்திலோ தென்னந்தோப்பின் நடுவிலோ குடும்பத்துக்குரிய சிறு குளம் ஒன்று இருத்தல் இயல்பு. அக்குளத்தில் மீன் இல்லாமல் இல்லை. வலை வீசினால் கூடை நிறைய வரும். வருவன யாவும் விரல் நீளமுள்ள ஜிலேபிக் கெண்டைகளே. குழம்புக்கும் உதவா, சந்தைக்கும் ஏலா. அதனைக் கண்ட அயலார், “விரால் குஞ்சு வாங்கி விடுங்கள்; எல்லாம் சரியாகிவிடும்” என்பர். அவ்வாறே பொருள் செலவிட்டுக் குஞ்சு வாங்கி விடுகின்றனர். ஆண்டு ஒன்று கழிகின்றது. ஒருவர் குளத்தில் விரால் என்ற பெயரே இல்லை. மற்றொருவர் குளத்தில் விரால் உண்டு. ஆசையோடு வளர்த்த கட்லாவும் ரோகுவும் இல்லை. செய்த செயல் ஒன்றே. விளைந்த பயனோ இரண்டு விதமான நஷ்டம். இதன் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காரணத்தை முன்னரே சுருங்கச் சொல்லிவிடுவோம். புதுக்குளம் வெற்றிடம் போன்றது. பழங்குளமோ குடியிருப்பு நிறைந்த ஊர் போன்றது. அங்கே யார் உண்பவர், யார் உணவாகுபவர் என்பதைக் குலம் முடிவு செய்வதில்லை. வாயின் அகலமே முடிவு செய்கின்றது. கொன்று தின்னும் குலத்திற் பிறந்தது என்பதனால் மட்டும் ஒரு குஞ்சு வேட்டையாடிவிடாது. தன்னினும் பெரிய வாய் எதிர்ப்படுமாயின் அதுவும் இரையே.

விராலின் இயல்பு

வரால் என்றும் விரால் என்றும் நாம் வழங்கும் இம்மீனை 1793ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் புளோக் என்பவர் சாஸ்திர முறைப்படி விவரித்துப் பெயரிட்டார். இக்காலத்து நூல்கள் இதனைச் சன்னா ஸ்ட்ரையாட்டா எனக் குறிக்கின்றன. பாம்பின் தலையை ஒத்த தலையும், கண்ணுக்குப் பின்னும் நீளும் வாயும் இதன் அடையாளங்கள். செவுள்களுக்கு மேலே காற்றைக் கொள்ளும் அறை ஒன்று இதற்கு உண்டு. ஆதலின் நீர்மட்டத்துக்கு அடிக்கடி வந்து காற்றை விழுங்கும். பிற மீன்கள் மூச்சுத் திணறி இறக்கும் கலங்கல் நீரிலும் இது பிழைக்கும். மழையிரவில் ஈரத்தரையின் மீது ஊர்ந்து வேறு நீர்நிலைக்குச் செல்லவும் வல்லது. குளம் வற்றினால் சேற்றுள் புதைந்து காலம் கழிக்கும்.

இது பெரும்பாலும் மழைக்காலத்தில், புல் பூண்டு அடர்ந்த கரையோரத்தில் முட்டையிடும். முட்டைகள் மிதப்பவை. வெளிவந்த குஞ்சுகள் செம்பொன் நிறத்தோடு திரளாக நீர்மட்டத்தில் அலையும். தாய்தந்தையர் கீழிருந்து காவல் புரியும். குஞ்சு முதலில் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களையும், பின்னர்ப் பூச்சிகளையும், அதன்பின் இறால், தவளைக்குஞ்சு, சிறுமீன் ஆகியவற்றையும் தின்னும். உடன்பிறந்தாரையும் விடாது, தன் நீளத்தில் ஏறத்தாழப் பாதியே உள்ள தம்பியை ஒரே வாயில் விழுங்கிவிடும். இந்த ‘பாதி நீளம்’ என்ற அளவை மாணவர் மனத்திற் கொள்க. பின்னர் இது பெரிதும் பயன்படும்.

நிறைந்தும் வறிய குளம்

ஜிலேபிக் கெண்டை நம் நாட்டு மீன் அன்று. ஆப்பிரிக்கக் கண்டத்துக்குரிய இது 1952ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொணரப்பட்டது. தாய் தன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயினுள்ளேயே வைத்துக் காப்பதால் இறப்பவை சில. இளமையிலேயே கருவுறுவதாலும், ஆண்டில் பன்முறை ஈனுவதாலும் பெருகுபவை பல.

ஒரு குளம் தாங்கக்கூடிய மீனின் மொத்த நிறைக்கு ஓர் எல்லை உண்டு. நீரின் வளமும் இரையின் அளவும் அவ்வெல்லையை வகுக்கின்றன. ஐம்பது கிலோ தாங்கும் குளத்தில் அது நூறு மீனாகவும் இருக்கலாம், ஐயாயிரம் மீனாகவும் இருக்கலாம். நூறாயின் ஒவ்வொன்றும் அரைக்கிலோ. ஐயாயிரமாயின் ஒவ்வொன்றும் பத்துக் கிராம். ஐயாயிரம் வாய்களுக்கும் பங்கிட்ட இரை ஒருவருக்கும் போதாது. எல்லாம் உயிர் வாழும், எதுவும் வளராது. இதுவே குறுவளர்ச்சி எனப்படும். இத்தகைய குளத்துக்கு வேண்டுவது இன்னும் தீவனம் அன்று, வாய்களைக் குறைப்பதே.

ஆபர்ன் நகரத்து ஆராய்ச்சி

இந்த உண்மையை முறைப்படி அளந்து காட்டியவர் அமெரிக்க நாட்டு அலபாமா மாகாணத்தில், இன்று ஆபர்ன் பல்கலைக்கழகம் எனப்படும் கலாசாலையில் பணிபுரிந்த எச். எஸ். ஸ்விங்கிள் என்பவர். 1930களில் தொடங்கி அவரும் அவர் தோழர்களும் பல குளங்களில் மீன்களை அளவிட்டு விட்டும், பின்னர் நீரை வடித்து எண்ணி நிறுத்தும் ஆராய்ந்தனர். புளூகில் என்னும் சிறுமீனைத் தனியே விட்ட குளங்களில் அது பெருகிக் குறுகியது. அதனைத் தின்னும் பாஸ் மீனையும் சேர்த்த குளங்களில் இரண்டும் உண்ணத்தக்க அளவுக்கு வளர்ந்தன. உரமிட்ட புதுக்குளத்தில் ஏக்கருக்கு 1000 புளூகில், 100 பாஸ் என்னும் கணக்கு அங்கே பெருவழக்காயிற்று. சிறுமீனை முதலில் விட்டுச் சில மாதங்கள் கழித்தே பாஸ் குஞ்சை விடுவர். உண்பவன் வருமுன் உணவு ஆயத்தமாக இருத்தல் வேண்டும் என்பதே இதன் கருத்து.

1950ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில் ஸ்விங்கிள் மற்றோர் அளவையும் தந்தார். குளத்திலுள்ள இரைமீன்களின் மொத்த நிறையை, அவற்றைத் தின்னும் மீன்களின் மொத்த நிறையால் வகுக்க வேண்டும். சமநிலையுள்ள குளங்களில் அந்த ஈவு 1.4 முதல் 10 வரை இருக்கக் கண்டார். 3 முதல் 6 வரை இருப்பதே மிகச் சிறந்தது என்றார். இவ்வளவுகள் பாஸ் மீனுக்கும் புளூகிலுக்கும் கண்டவை. விராலுக்கும் ஜிலேபிக்கும் அப்படியே பொருந்தும் என்று கொள்ளலாகாது. ஆயினும் மனம் போனபடி குஞ்சு விடுவதைக் காட்டிலும் ஒரு கணக்கை வழிகாட்டியாகக் கொள்வது நலம்.

முதலில் குளத்தை வினவுக

புதுக்குளத்துக்குரிய வரிசைமுறை பழங்குளத்தில் நம் கையில் இல்லை. அங்கே பெரியவும் சிறியவும் கலந்து முன்னரே குடியேறிவிட்டன. ஆதலின் குஞ்சு வாங்கப் புறப்படுமுன் இழுவலையைக் கரையோரத்தில் நாலைந்து இடங்களில் இழுத்து, அகப்பட்டவற்றை வகை பிரித்து நீளம் அளந்து குறித்துக்கொள்க. இரவில் தவளை கோத்த தூண்டிலும் இடுக. விடை மூன்று வகையாக வரும்.

முதலாவது, சிறு ஜிலேபிகள் ஏராளம். பெரியவை மெலிந்த உடலும் பருத்த தலையுமாய் இருக்கும். இத்தகைய குளத்துக்கு விரால் நல்ல மருந்து.

இரண்டாவது, சிறுமீன் அரிது; உள்ளவை சிலவே, அவையும் கொழுத்தவை. இங்கே விராலை விடுதல் உணவில்லாத வீட்டுக்கு விருந்தினரை அழைப்பது போலாம், விடாதிருப்பதே அறிவு.

மூன்றாவது, தூண்டிலில் பெரிய விராலோ வாளையோ அகப்படும். அப்படியாயின் குளத்தில் அரசு செலுத்துவோர் முன்னரே இருக்கின்றனர். நாம் விடும் குஞ்சுகள் அவர்க்கு ஒருநாளை உணவு. அவற்றைப் பிடித்து அப்புறப்படுத்திய பின்னரே மேற்செல்லுதல் வேண்டும். விரால் குஞ்சு விட்டும் விராலே இல்லை என்று வருந்துவோரிற் பலர் இந்த மூன்றாம் வகையினர்.

முதல் வகைக் குளத்திலும் ஒரு நுட்பம் உண்டு. ஜிலேபியின் உடல் அகன்றது, முதுகில் முள்வரிசை உடையது. சாண் நீளத்து ஜிலேபியை இளவிரால் விழுங்க இயலாது. அது தின்பது இனிப் பிறக்கும் குஞ்சுகளையே. விரால் வருங்காலப் பெருக்கத்தைத் தடுக்குமேயன்றி இன்றுள்ள நெருக்கடியை நீக்காது. ஆதலின் வளர்ந்த ஜிலேபிகளை வலையிட்டு இயன்ற மட்டும் அரித்தெடுத்து விடுதல் முதற்கடமை. பின்னரே விராலின் முறை.

அளவும் தொகையும்

பழங்குளத்தில் விடும் குஞ்சு நான்கு அங்குலத்துக்குக் குறையாதிருத்தல் நலம். ஆறு அங்குலமாயின் மிக நலம். ஓரங்குலக் குஞ்சு மலிவு என்று வாங்குவோர், குறவைக்கும் கெளுத்திக்கும் தண்ணீர்ப் பாம்புக்கும் மீன்கொத்திக்கும் விலை கொடுத்து விருந்திடுகின்றனர். எல்லாக் குஞ்சுகளும் ஒரே நீளமாயிருத்தலும் வேண்டும். ஒரு தொட்டியில் ஆறு அங்குலமும் மூன்று அங்குலமும் கலந்தால், நாம் மேலே கூறிய பாதிக் கணக்குப்படி சின்னவை பெரியவற்றின் வயிற்றுள் அடங்கும்.

அதே கணக்கு கட்லாவுக்கும் ரோகுவுக்கும் பொருந்தும். நாம் காக்க விரும்பும் மீன், விடும் விராலைப் போல இரு மடங்கேனும் நீளமாயிருத்தல் வேண்டும். கெண்டைக் குஞ்சுகளை ஆண்டுதோறும் புதிதாக விடும் பழக்கம் உடையோர், விரால் வளர்ந்தபின் சிறு குஞ்சுகளை அக்குளத்தில் விடலாகாது. வேறு சிறு குட்டையில் வளர்த்துப் பெரிதாக்கியே விடுதல் வேண்டும்.

தொகைக்கு ஓர் உதாரணம் கூறுவோம். சென்ற அறுவடைகளைக் கொண்டு, அரை ஏக்கர்க் குளமொன்றில் இரைமீன் 60 கிலோ உண்டு என மதித்தோம் என்க. ஈவு 6 எனக் கொண்டால் விரால் 10 கிலோ இருக்கலாம். ஆண்டிறுதியில் ஒவ்வொன்றும் அரைக்கிலோ ஆகும் எனின் 20 விரால். விட்டவற்றிற் பாதி இறக்கும் என்று தள்ளினால் விடவேண்டியவை 40 குஞ்சுகள். ஈவு 3 எனின் 80. இவ்விரண்டில் முதலாண்டில் சிறிய தொகையையே கொள்க. குறைந்தால் மறு ஆண்டு கூட்டலாம். மிகுந்தாலோ மீட்டுப் பிடிப்பது அரிது. மேலும் விரால் நம் குளங்களில் தானே ஈனும் மீன். வளர்ந்தவற்றை அவ்வப்போது தூண்டிலிட்டுக் குறையாவிடின், மருந்தே நோயாக மாறும்.

கொணர்தலும் விடுதலும்

மழைக்கால முடிவிலும் குளிர்நாட்களிலும் விராலுக்குச் செம்புண் நோய் வருவதுண்டு. 1988ஆம் ஆண்டில் இந்தியாவின் வடகிழக்குப் பகுதியில் முதன்முதல் தோன்றிப் பின்னர்ப் பிற மாகாணங்களிலும் பரவிய நோய் இது. ஆதலின் உடலில் சிவந்த வடு ஒன்றேனும் உள்ள குஞ்சுகளை ஏற்கலாகாது. வெள்ளம் வடிந்து நீர் வெதுவெதுப்புறும் மாசி, பங்குனி மாதங்கள் விடுதற்கு ஏற்றவை. வெயில் முதிர்ந்து ஜிலேபி மிகுதியாக ஈனும் காலத்தில் விராலும் வேட்டைக்கு ஆயத்தமாயிருக்கும்.

குஞ்சு கொணரும் பாத்திரத்தை நீரால் நிரப்பிவிடாமல் மேலே காற்றுக்கு இடம் விடுக. காற்றுண்ணும் மீனுக்கு விளிம்பு முட்டிய நீர் கேடு. துள்ளி விழாதபடி வலைத்துணியால் மூடுக. குளத்தை அடைந்ததும் பாத்திரத்தைக் கால் மணி நேரம் குளத்து நீரில் மிதக்கவிட்டு, அந்நீரைச் சிறிது சிறிதாக உட்கலந்து, இரண்டின் வெம்மையும் ஒத்தபின் விடுக. காலையோ மாலையோ விடுதல் முறை. ஒரே இடத்திற் கொட்டாமல், பூண்டு உள்ள ஓரங்களிற் பரவலாக விடுக. ஆகாயத் தாமரை குளம் முழுதும் மூடியிருப்பின் முன்னரே பெரும்பகுதியைக் களைதல் வேண்டும். இல்லையேல் ஜிலேபிக் குஞ்சுகள் அதனுள் ஒளிந்து தப்பும். முழுதும் களைந்துவிட்டாலோ விரால் குஞ்சுக்கு நிழலும் மறைவும் இரா.

குஞ்சைப் பண்ணையில் வாங்குதலே தக்கது. ஏரியோரத்தில் செந்நிறத் திரளைக் கண்டு துணியால் அள்ளுவோர், ஒரு குடும்பத்தின் சந்ததி முழுவதையும் ஒரே வீச்சில் அழிக்கின்றனர். வழியிலே பெரும்பகுதி மடியும். ஏரிக்கும் இல்லை, குளத்துக்கும் இல்லை.

கரைக்கு அப்பால்

சொந்தக் குளத்தில் எம்மீனை விட்டால் பிறர்க்கென்ன என்று எண்ணுவோர் உண்டு. பனாமா நாட்டின் வரலாறு இதற்கு மறுமொழி கூறும். அங்கே தென் அமெரிக்காவுக்குரிய மயில் பாஸ் என்னும் கொடிய வேட்டை மீனின் குஞ்சுகளை ஒருவர் தம் குளத்தில் வளர்த்தார். 1967ஆம் ஆண்டை ஒட்டி அவை சாக்ரிஸ் நதியில் தப்பி, காட்டூன் ஏரியை அடைந்தன. ஜாரெட், பெயின் என்னும் இரு அறிஞர் 1973இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, அவ்வேரியில் முன்னர்ச் சாதாரணமாயிருந்த எட்டு மீன் வகைகளுள் ஆறு, மயில் பாஸ் பரவிய இடங்களில் அற்றுப்போயின. சிறுமீனை உண்டு வாழ்ந்த பறவைகளும் அவ்விடங்களிற் குறைந்தன. ஒரு குளத்தின் கரை ஓர் ஏரியின் விதியை நிர்ணயித்தது.

நம் நாட்டிலும் ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்த்தலை அரசாங்கம் தடுத்திருப்பது இதுபற்றியே. விரைவில் வளரும் என்று சொல்லி அதனை விற்க வருவோர் உளர், ஏற்கலாகாது. விரால் நம் மண்ணுக்குரியது. எனினும் கரையைக் கடக்கும் இயல்பினது. ஆதலின் கரையை உயர்த்தி, நீர் வழியும் மதகில் வலைத்தட்டி வைத்து, மழைக்கு முன் குளத்தைச் சுற்றித் தாழ்ந்த இடங்களில் வலைவேலி இடுதல் குளமுடையார் கடமை.

விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர், தம் குளத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பேடு தொடங்குவாராக. எந்நாளில் வலை இழுத்தனர், எவ்வகை மீன் எத்தனை, நீளம் எவ்வளவு, விட்ட குஞ்சு எத்தனை, எடுத்த மீன் எத்தனை கிலோ என்று நாலாண்டு தொடர்ந்து எழுதினால், ஆபர்ன் நகரத்துக் கணக்கு நம் விராலுக்கும் ஜிலேபிக்கும் எவ்வளவு பொருந்தும் என்பதை அவர்களே சொல்ல வல்லவராவர். குஞ்சின் விலை சில நூறு ரூபாய். குறிப்பேட்டின் விலை அதனினும் குறைவு. இரண்டில் குறிப்பேட்டையே முதலில் வாங்குக என்பது நம் வேண்டுகோள்.