வேலையை மாற்றலாமா?



தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு வாரும் சகோதர சகோதரிகளுக்குச் சர்க்கரை வியாதி முற்றினால், பாதம் மரத்துப்போகலாம். காயம் பட்டாலும் தெரியாது. புண் ஆறாமல் காலையே இழக்க நேரிடலாம். "வேலையை விடுவது விசுவாசக் குறைவா, ஐயா?" என்று எங்களிடம் கேட்கிறார்கள்.

அப்படியல்ல. திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் ஊழியஞ்செய்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், சுகவீனத்தினால் ஜப்பான் ஊழியத்தை விட்டவர்கள். 1895ல் இந்தியா வந்தார்கள். 1931ல் விழுந்து காலொடிந்தபின், 1951ல் மரிக்கும்வரை பெரும்பாலும் அறையிலேயே இருந்து புத்தகங்கள் எழுதினார்கள். வேலை மாறிற்று, அழைப்பு மாறவில்லை.

ஆகவே முதலில் மருத்துவரிடம் கேட்போம், வீட்டாரோடு வரவுசெலவைக் கணக்கிடுவோம், ஜெபித்து முடிவெடுப்போம். வேறு வேலை கிடைக்கும்வரை அக்குடும்பத்தைத் தாங்குவது சபையாராகிய நம் கடமை.