வேட்டுவன் உழவனான வரலாறு

புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசலுக்குச் செல்வோர், மலையை நெருங்கும் மேட்டு நிலத்தில் கற்கள் வட்ட வட்டமாகப் பதிந்து கிடப்பதைக் கண்டிருக்கலாம். குகை ஓவியத்தைக் காண விரையும் கண்களுக்கு இவை வெறும் கற்குவியல்களாகவே தோன்றும். ஆனால் நிலத்தை நம்பி வாழும் நமக்கு ஓவியத்தைக் காட்டிலும் இக்கல்வட்டங்களே நெருங்கிய உறவுடையவை. ஓரிடத்தில் ஊன்றி வாழத் தொடங்கிய மக்கள் தம் முன்னோரை அடக்கம் செய்த இடங்கள் இவை.

அதற்கு முன் மனிதன் ஊரின்றி வாழ்ந்தான். 1863-ஆம் ஆண்டில் நிலவியல் அறிஞர் ராபர்ட் புரூஸ் பூட் என்பார் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் பழங்கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அவ்வாண்டிலேயே திருவள்ளூர்ப் பகுதியிலுள்ள அத்திரம்பாக்கத்திலும் அத்தகைய கருவிகள் கிடைத்தன. அங்குப் பின்னர் நடைபெற்ற அகழாய்வுகளால், கீழ்ப்படிவுகளில் உள்ள கற்கோடரிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை எனத் தெரிய வந்துள்ளது. தென்னிந்தியாவில் பயிர்த்தொழில் தோன்றி ஏறத்தாழ 5,000 ஆண்டுகளே ஆகின்றன. விவசாயிக்கு விளங்கும் கணக்கில் கூறினால், மூன்று ஏக்கர் நிலத்தில் ஒரு சென்டு நிலமே உழவின் காலம். எஞ்சியது முழுவதும் வேட்டையின் காலம்.

வேட்டை வாழ்வை முற்றிலும் அவலமென எண்ணிவிடுதல் கூடாது. எந்தக் கிழங்கு எப்பருவத்தில் முற்றும், எந்தச் சுனையில் கோடையிலும் நீர் நிற்கும் என்பதை அம்மக்கள் நன்கு அறிந்திருந்தனர். திருமயம் மலைப்பாறையில் காணப்படும் பழைய ஓவியங்கள், மலை மறைவுகளில் தங்கிய மாந்தரின் கைவண்ணமே. ஆண்கள் விலங்கின் பின்னே அலைய, கிழங்கு அகழ்ந்தும் புல்லரிசி திரட்டியும் வந்த பெண்களே விதை முளைக்கும் உண்மையை முதலில் உணர்ந்திருத்தல் வேண்டும் என்று அறிஞர் பலர் கருதுவர். விதை நெல்லைக் காக்கும் பொறுப்பு நம் வீடுகளில் யாரிடம் இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் இக்கருத்து வியப்பளிக்காது.

பயிர்த்தொழில் உலகில் ஓரிடத்தில் மட்டும் தோன்றியதன்று. மேற்காசியாவில் கோதுமையும் பார்லியும், சீனத்தில் யாங்சி ஆற்றுப் பகுதியில் நெல்லும் தனித்தனியே பயிராயின. தென்னாட்டில் முதலில் விளைந்தவை கொள்ளும் பாசிப்பயறும் சிறுதானியங்களுமே. திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளியில் 1964 முதல் 1968 வரை இரு கட்டங்களாக இந்தியத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது, மெருகேற்றிய கற்கோடரிகளும், மக்கள் குழி தோண்டி அமைத்த குடியிருப்புகளும், கருகிய கொள்ளும் பாசிப்பயறும் வெளிப்பட்டன. மழை பொய்த்த ஆண்டிலும் நம் செம்மண் மேட்டில் ஏதேனும் தருவது இன்றும் கொள்ளுதான்.

ஆனால் உழவன் வேட்டுவனைவிட மிகுதியாக உழைக்க வேண்டியதாயிற்று. விதைத்தபின் காவல், அறுத்தபின் சேமிப்பு, சேமித்தபின் எலியும் திருடனும். மழை தவறினால் வேட்டுவன் வேறு காட்டிற்குப் போவான். உழவனால் வயலைத் தூக்கிச் செல்ல இயலாது. இருந்தும் அவன் பழைய வாழ்விற்குத் திரும்பவில்லை. குதிரில் தானியம் இருந்தமையால் பிள்ளைகள் பெருகினர். பெருகிய குடியைக் காடு மட்டும் ஊட்ட முடியாது. வேட்டையும் ஒரே நாளில் நின்றுவிடவில்லை. கோவில்களில் பாரிவேட்டைத் திருநாள் இன்றும் நடைபெறுகிறதன்றோ!

நெல்லின் செல்வாக்கு தமிழகத்தில் பிற்பாடு வளர்ந்தது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முதுமக்கள் தாழி ஒன்றில் கிடைத்த நெல்மணிகள் கி.மு. 1155-ஐச் சேர்ந்தவை என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. பழனியை அடுத்த பொருந்தலில் கிடைத்த நெல் கி.மு. 490 அளவினது. நெல் நீரை நம்பியது. ஐப்பசி, கார்த்திகை மழையை எதிர்நோக்கும் நம் பகுதியில் நீரைத் தேக்கினாலன்றி அது விளையாது. இம்மாவட்டத்துக் கண்மாய்களும், அவற்றின் குமிழித் தூம்புகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகளும் அத்தேவையின் நெடிய தொடர்ச்சி எனலாம்.

மேலும், இரும்பின் துணையின்றி இறுகிய நிலத்தைத் திருத்துவது அரிது. புதுக்கோட்டைக்குக் கிழக்கேயுள்ள பொற்பனைக்கோட்டையில் 2021-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2023 முதல் மாநிலத் தொல்லியல் துறையும் அகழாய்வு மேற்கொண்டன. சங்க காலக் கோட்டையாகிய அவ்விடத்தில் இரும்பு உருக்கியதற்கான தடயங்களும் காணப்படுகின்றன.

இனிச் சித்தன்னவாசல் கல்வட்டங்களுக்கு மீண்டும் வருவோம். அலைந்து திரிபவனுக்கு நிலையான இடுகாடு தேவையில்லை. பாட்டன் உழுத நிலத்தைப் பேரனும் உழும்போதுதான், பாட்டன் எங்கே உறங்குகிறான் என்பது குடிக்கு முக்கியமாகிறது. அக்கால மக்கள் ஈமக்காடுகளைப் பெரும்பாலும் பாறையும் சரளையும் நிறைந்த மேடுகளில் அமைத்தனர். விளைநிலத்தைக் கெடுக்கலாகாது என்ற எண்ணமே காரணமாயிருக்கலாம்.

அந்தச் சிக்கனமே இப்போது அவற்றுக்குப் பகையாய் முடிந்துள்ளது. பயிரேறாத மேடுகள் பல இடங்களில் புறம்போக்காக நின்றன. சாலைக்கும் கட்டிடத்துக்கும் சரளையும் கல்லும் தேடுவோர் முதலில் நாடுவதும் அவற்றையே. இயந்திரம் ஒரு முற்பகலில் அள்ளிச் சென்ற கல்வட்டத்தை எவராலும் மீண்டும் அடுக்க முடியாது. தாழியினுள் இருந்த மண்ணோடு, அக்குடியினர் உண்ட தானியம் எது என்ற விடையும் போய்விடுகிறது.

மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை புதிய கட்டிடம் எழுப்பத் தடையுண்டு. அதற்கப்பால் 200 மீட்டர் வரை முன் அனுமதி வேண்டும். பாதுகாப்புப் பட்டியலில் சேராத ஈமக்காடுகளுக்கு இவ்வேலி இல்லை; அங்கே ஊராரின் விழிப்பே காவல். கண்மாய் தூர்வாரும்போதோ கிணறு வெட்டும்போதோ தாழி, பானை, இரும்புக் கருவி முதலியன தென்பட்டால் வேலையை அவ்விடத்தில் நிறுத்திக் கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரிவிக்கலாம். ரூ.10-க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதைபொருளைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் விதிக்கிறது. தாழியைத் தோண்டி எடுக்க முயல வேண்டாம். உள்ளிருக்கும் மண்ணையும் கொட்ட வேண்டாம். இத்தகைய பொருள்களைக் காண விரும்புவோர் திருக்கோகர்ணத்தில் 1910 முதல் இயங்கிவரும் அரசு அருங்காட்சியகத்திற்கு ஒருமுறை சென்று வரலாம்.