லாபிஸ் பாட்டியின் சொம்பு ஏன் ஆடியது?

கேள்வி: நான் ஜொகூர் பாருவில் படிவம் 2 படிக்கிறேன். 2025 ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் லாபிஸில் இருக்கும் என் பாட்டி சாமிக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தார். தட்டில் இருந்த பித்தளைச் சொம்பு கடகடவென்று ஆடியதாம். சிகாமட்டில் நிலநடுக்கம் என்று பிறகுதான் தெரிந்தது. மலேசியா நெருப்பு வளையத்துக்கு வெளியே இருக்கிறது, நமக்குப் பயமில்லை என்றுதானே படித்தோம்? நாங்கள் பாருவில் 17-ஆவது மாடியில் இருக்கிறோம், எங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் சுமத்திரா நிலநடுக்கத்தின்போது இங்கே மாடி வீடுகள் ஆடின என்று அப்பா சொல்கிறார். இது எப்படி? அதோடு, ‘நான் வாழும் நிலம்’ என்ற தலைப்பில் ஃபோலியோ செய்ய வேண்டும். பாருவுக்குக் கீழே என்ன பாறை இருக்கிறது? புவியின் ஆழம், தடிமன் என்று வரும் எண்கள் எதுவும் மனத்தில் நிற்கவில்லை. உதவுங்கள்.

— ஒரு மாணவர், ஜொகூர் பாரு

பதில்: தம்பி, பாட்டியின் சொம்பிலிருந்தே தொடங்குவோம். அன்று காலை மணி 6.13-க்கு சிகாமட்டுக்கு அருகே, சுமார் 10 கிலோமீட்டர் ஆழத்தில் பாறை நழுவியது. மலேசிய வானிலை ஆய்வுத் துறை அதை 4.1 என்று பதிவு செய்தது. ஜொகூரில் மட்டுமல்ல, நெகிரி செம்பிலான், மலாக்கா, பகாங்கின் தென்பகுதி வரை மக்கள் உணர்ந்தார்கள். அடுத்து வந்த நாட்களில் சிறு அதிர்வுகளும் தொடர்ந்தன. பாட்டி பயந்ததில் தவறே இல்லை.

ஆனால் 4.1 என்றால் எவ்வளவு என்பதை அவருக்கு எடுத்துச் சொல். இந்த அளவுகோலில் ஒரு படி ஏறினால் ஆற்றல் இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ ஆவதில்லை, ஏறக்குறைய 32 மடங்கு ஆகிறது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுமத்திராவுக்கு அப்பால் கடலில் வந்தது 9.1. சிகாமட்டுக்கும் அதற்கும் ஐந்து படி வித்தியாசம். கால்குலேட்டரில் 32-ஐ ஐந்து தடவை பெருக்கிப் பார், 3 கோடியைத் தாண்டும். சிகாமட்டில் வெளிப்பட்டது அந்தக் கடல் நடுக்கத்தின் ஆற்றலில் 3 கோடியில் ஒரு பங்குதான்.

நெருப்பு வளையம் பற்றி நீ படித்ததும் பொய்யில்லை. பசிபிக் கடலைச் சுற்றிப் புவித்தட்டுகள் முட்டும் விளிம்புகளைத்தான் அந்தப் பெயர் குறிக்கிறது. நாம் அந்த விளிம்பில் இல்லை, சுண்டா தட்டின் உட்பகுதியில் இருக்கிறோம். அதிலிருந்து ‘இங்கே நிலம் அசையவே அசையாது’ என்று முடிவு கட்டியதுதான் தவறு. தட்டின் நடுவிலும் பழைய பிளவுகள் உண்டு. கோயம்புத்தூர் எந்த விளிம்பில் இருக்கிறது? அங்கேயும் 1900 பிப்ரவரி 8-ஆம் தேதி ஏறத்தாழ 6 அளவு நிலநடுக்கம் வந்தது. நம் நாட்டில் பகாங்கின் புக்கிட் திங்கி பக்கம் 2007 நவம்பர் தொடங்கிச் சின்னச் சின்ன நடுக்கங்கள் வரிசையாக வந்தன. சபாவின் ரானாவில் 2015 ஜூன் 5-ஆம் தேதி வந்தது 6.0. அன்று கினபாலு மலையில் 18 பேர் உயிரிழந்தார்கள். பயம் வேண்டாம் என்று நான் சொல்வேன், ஒன்றும் நடக்காது என்று சொல்ல மாட்டேன்.

பழைய பிளவு எங்கிருந்து வந்தது? தீபகற்ப மலேசியா ஒரே துண்டு நிலமில்லை. இரண்டு நிலத்துண்டுகள் சேர்ந்து தைக்கப்பட்டது. மேற்குத் துண்டுக்கு சிபுமாசு என்று பெயர். சயாம், பர்மா, மலாயா, சுமத்திரா ஆகிய பெயர்களின் முதல் பகுதிகளைக் கோத்து வைத்த பெயர் அது. ஒரு காலத்தில் அது கோண்டுவானா என்ற தென் பெருநிலத்தின் ஓரமாக, ஆஸ்திரேலியாவை ஒட்டிக் கிடந்தது. அங்கிருந்து பிரிந்து வடக்கே நகர்ந்து கிழக்குத் துண்டோடு மோதியது. இடையில் இருந்த பழைய டெதிஸ் கடல் 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு மூடிக்கொண்டது. அந்தத் தையல்தான் பெந்தோங், ராவுப் ஊர்களின் பெயரால் சொல்லப்படும் கோடு, அது அப்படியே தெற்கே இறங்கி வருகிறது. ஜொகூரின் பெரும்பகுதி அதற்குக் கிழக்கே இருக்கிறது. மோதலின்போதும் அதற்குப் பிறகும் சுற்றிலும் எத்தனையோ பிளவுகள் உண்டாயின. சிகாமட் நடுக்கத்தின்போது மெர்சிங் பிளவு மண்டலம் என்ற பெயர் அடிபட்டதே, அதுவும் அப்படிப்பட்ட ஒரு பழைய காயம்தான். ஒட்டுப்போட்ட துணியை இழுத்தால் தையல் பக்கம்தானே முதலில் விடும்? இழுப்பது தூரத்தில் இருக்கும் சுமத்திரா. அங்கே இந்தியப் பெருங்கடலின் அடித்தளம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் நம் தட்டுக்கு அடியில் நுழைந்துகொண்டே இருக்கிறது. 2004 நடுக்கத்தில் லங்காவித் தீவு சுமார் 17 சென்டிமீட்டர் இடம் நகர்ந்ததை ஜிபிஎஸ் கருவிகள் அளந்து காட்டின. அந்த இழுவிசை இங்கே வராமல் போகுமா?

பாட்டி ஊரிலேயே இந்தப் பழைய பிளவுகளுக்கு ஒரு தடயம் இருக்கிறது. லாபிஸ் வெந்நீர் ஊற்றில் நீயும் கால் நனைத்திருப்பாய். அங்கே எரிமலை எதுவும் இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியாக ஆழத்துக்கு இறங்குகிறது. ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சூடு ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரி கூடும். சூடேறிய நீர் வேறொரு வெடிப்பைப் பிடித்து மேலே வந்துவிடுகிறது. ஊற்று இருக்கிறது என்றாலே ஆழமான வெடிப்பு இருக்கிறது என்று பொருள். எரிமலைக் குழம்பும் ஒரு காலத்தில் அந்தப் பக்கம் ஓடியதுதான். சிகாமட்டின் கரிய பசால்ட் பாறைக்கு வயது சுமார் 6 கோடி ஆண்டு. அது எப்போதோ ஆறிப்போன கதை, இன்றைய ஊற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இனி ஜொகூர் பாரு. நகரத்தின் ஒரு பகுதிக்குக் கீழே இருப்பது கிரானைட், நம் வாய்ப்பேச்சில் கருங்கல். நீரிணைக்கு அக்கரையில் சிங்கப்பூரின் புக்கிட் தீமாவில் இருக்கும் கிரானைட்டுக்கு இது உறவுக்கல். வயது ஏறத்தாழ 23 கோடி ஆண்டு. வீட்டில் தமிழ்நாட்டு அம்மி இருந்தால் இதன் பக்கத்தில் வைத்துப் பார். சென்னை பல்லாவரத்துக் குன்றுகளின் சார்னோகைட் பாறைக்கு வயது சுமார் 250 கோடி. நம் கல் அதற்குப் பேரப்பிள்ளை மாதிரி.

ஆனால் பாருவில் கருங்கல்லைத் தேடினால் உடனே கண்ணில் படாது, செம்மண்தான் தெரியும். அந்தச் செம்மண்தான் கருங்கல். ஸ்கூடாய்ப் பக்கம் சாலைக்காக மேட்டை வெட்டிய இடங்களில் இதை நான் பலமுறை நின்று பார்த்திருக்கிறேன். மேலே செங்கல் நிற மண். கொஞ்சம் கீழே மஞ்சளும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டாக இருக்கும். அதில் ஒரு கட்டியை எடுத்தால் பார்வைக்கு அசல் கல், புள்ளி புள்ளியாகக் கருங்கல்லின் முகம் அப்படியே இருக்கும். விரலால் அழுத்தினால் புட்டு மாதிரி உதிர்ந்துவிடும். உள்ளங்கையில் நறநறவென்று மிஞ்சுவது குவார்ட்ஸ், எந்த மழைக்கும் கரையாத மணி. விரலில் மாவாக ஒட்டுவது வெண்களி. அது முன்பு கெட்டியான ஃபெல்ட்ஸ்பாராக இருந்தது, தண்ணீர் அதை மாற்றிவிட்டது. இன்னும் கீழே, மண்ணுக்கு நடுவே, பானை பானையாக உருண்ட பெரிய பாறைகள் கெட்டியாகவே இருக்கும். அவை ஆற்றில் உருண்டு வந்தவை அல்ல. சுற்றியிருந்த கல் மக்கிப்போக, நடுப்பகுதி மட்டும் தப்பி நிற்கிறது.

இப்படிக் கல்லைத் தின்பது நம் வெயிலும் மழையும். சோடியம், பொட்டாசியம், சிலிக்கா எல்லாம் மெல்ல மெல்லக் கரைந்து ஓடிவிட, இரும்பும் அலுமினியமும் தங்கிவிடுகின்றன. தங்கிய இரும்பு துருப்பிடிக்க, மண் சிவக்கிறது. இதே வேலை முற்றிப்போனால் மிஞ்சுவது அலுமினியத் தாதுவான பாக்சைட். ஜொகூரின் தென்கிழக்கு மூலையில் தெலுக் ரமுனியாவில் அதை வெட்டி எடுத்திருக்கிறார்கள். ஜொகூரின் சுரங்கக் கதை பெரியது. பத்து பகாட் அருகே ஸ்ரீ மேடானில் 1920-களில் ஜப்பானியர் இரும்பு எடுத்தார்கள். கோத்தா திங்கி அருவியை இன்றும் லொம்போங் என்கிறோம், அந்த மலாய்ச் சொல்லுக்குச் சுரங்கம் என்றுதான் பொருள். இதை ஃபோலியோவில் ஒரு தனிப் பக்கமாகவே வைக்கலாம்.

பாருவிலிருந்து உலு திராம், பாசிர் கூடாங் பக்கம் போனால் கதை வேறு. அங்கே பழைய ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் சரளையும் களிமண்ணும் பாதி இறுகிக் கிடக்கின்றன, பழைய வண்டல் என்பார்கள். மேற்கே பொந்தியான், குக்குப் பக்கம் போனால் கடல் விட்டுச்சென்ற மென்களி. பெக்கான் நனாஸில் அன்னாசி வளரும் கறுப்பு மண்ணோ அரைகுறையாக மக்கிய வேரும் மரமும்தான். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, பனியூழியில், கடல்மட்டம் இன்றையதைவிட 120 மீட்டரளவு கீழே இருந்தது. நீ பாலத்தில் கடக்கும் ஜொகூர் நீரிணை அப்போது வெறும் பள்ளத்தாக்கு.

இந்த மண் வேறுபாட்டைச் சும்மா சொல்லவில்லை, உன் 17-ஆவது மாடிக்கான பதிலில் இதுவும் ஒரு பகுதி. அம்மா அகார் அகார் செய்யும்போது ஒரு தட்டை மேசையில் வைத்து, மேசையை மெல்லத் தட்டிப் பார். மேசை நின்றுவிடும், அகார் அகார் ஆடிக்கொண்டே இருக்கும். கெட்டிப் பாறையும் மென்களியும் நிலநடுக்கத்தில் அப்படித்தான். 1985 செப்டம்பர் 19-ஆம் தேதி மெக்சிகோ நகரம் இடிந்தது. நடுக்கத்தின் மையம் 350 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது, நகரம் ஒரு பழைய ஏரிக் களிமண்ணின் மேல் இருந்தது.

இன்னொரு விஷயமும் உண்டு. பக்கத்தில் வரும் சிறு நடுக்கம் படபடவென்று வேகமாகத் துடிக்கும், அதற்குத் தாழ்ந்த வீடும் சொம்பும் தட்டும் ஆடும். அந்த வேகமான துடிப்பு வழியிலேயே அடங்கிவிடும் என்பதால் உன் மாடிவரை வந்து சேரவில்லை. தூரத்தில் வரும் பெருநடுக்கம் அப்படியில்லை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வருவது மெதுவான, நீண்ட அலைதான். அது ஊஞ்சலைத் தள்ளுவதுபோல உயரமான கட்டடங்களைத் தள்ளும். அதனால்தான் சிகாமட் நடுக்கம் பாட்டியின் சொம்பை ஆட்டியது, உன்னை விட்டுவிட்டது. சுமத்திரா நடுங்கினால் நீ உணர்வாய், பாட்டி விளக்கேற்றிக்கொண்டே இருப்பார். கட்டடம் ஆடுவதும் விழுவதும் ஒன்றல்ல, கொஞ்சம் வளைந்து கொடுக்கும் கட்டடம்தான் தாங்கும். நிலநடுக்கத்தைக் கணக்கில் எடுத்துக் கட்டுவதற்கான மலேசிய வழிகாட்டி 2017-இல்தான் வந்தது. ஆடினால் கண்ணாடியை விட்டு விலகி மேசைக்கு அடியில் போ. லிஃப்ட்டை மட்டும் தொடாதே.

கடைசியாக எண்கள். அவற்றை மனப்பாடம் செய்யாதே, ஊர்களாக மாற்றிக்கொள். நம் காலடியில் மேலோட்டின் தடிமன் 30 முதல் 40 கிலோமீட்டர்: பாருவிலிருந்து கூலாய்க்கும் அதைக் கொஞ்சம் தாண்டியும் போகும் தூரம். அதன் கீழே கவசம், 2,890 கிலோமீட்டர் ஆழம் வரை: ஏறக்குறைய பாருவிலிருந்து சென்னை. பிறகு உருகிய இரும்பாலான வெளிக்கரு, 5,150 கிலோமீட்டர் வரை: கிட்டத்தட்ட டோக்கியோ. புவியின் மையம் 6,371: சிட்னிக்குப் போகும் தூரம். இத்தனையில் மனிதன் துளைத்தது எவ்வளவு தெரியுமா? ரஷ்யாவின் கோலாவில் 12.262 கிலோமீட்டர், ஸ்கூடாய்ப் பக்கம் போகிற தூரம்தான். சென்னைக்குப் போகும் வழியில் ஸ்கூடாய்கூடத் தாண்டவில்லை. மற்றதையெல்லாம் நிலநடுக்க அலைகள்தான் நமக்குச் சொல்லிக்கொடுத்தன. சிகாமட் அலையும் சுற்றியிருந்த நிலையங்களில் பதிவாகியிருக்கிறது.

ஃபோலியோவுக்கு மூன்று கண்ணாடிப் போத்தல் எடுத்துக்கொள். ஸ்கூடாய்ச் செம்மண், உலு திராம் மணல், பெக்கான் நனாஸ் கறுப்பு மண், ஒவ்வொன்றிலும் ஒரு பிடி. வெட்டிய மேட்டுக்கு அடியில் போய்த் தோண்டாதே, மழைக்குப் பிறகு அது சரியும். சமதரையில் எடுத்தாலே போதும். தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, ஒரு இரவு வைத்து, எது முதலில் படிந்தது, எது மிதந்தது, எது கலங்கலாகவே நின்றது என்று எழுது. அடுத்த முறை லாபிஸுக்குப் போகும்போது தெர்மாமீட்டர் ஒன்றும் கொண்டுபோ. காய்ச்சல் பார்ப்பது வேண்டாம், 42 டிகிரிக்கு மேல் அது காட்டாது. ஆய்வுக்கூடத்தில் இருப்பதை ஆசிரியரிடம் கேட்டு வாங்கு. பெரிய நடுக்கங்களுக்குப் பிறகு சில ஊற்றுகளில் சூடும் நீர்வரத்தும் மாறியதுண்டு. ஊற்றின் சூட்டை அளந்து தேதி போட்டு எழுது. ஆகஸ்டுக்கு முன்பு தண்ணீர் எப்படி இருந்தது என்று பாட்டியிடம் கேட்டு, அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே பக்கத்தில் எழுதிக்கொள்.