கெட்ட நிலத்தைத் திருத்தி மரம் வளர்த்தல்
அடையாற்றுக் கழிமுகம் கிராமங்களுக்குத் தரும் பாடம்

மரம் நடுவதற்கும், கெட்டுப்போன நிலத்தைத் திருத்துவதற்கும், பொதுஜனங்கள் நடந்து செல்லும் பாதைகளை அமைப்பதற்கும் சர்க்கார் பொருளுதவி செய்யும் வழக்கம் புதியதன்று. 1950ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் வனமகோத்ஸவம் என்னும் மரநடு விழா தேசமெங்கும் ஆரம்பிக்கப்பட்டது முதல், வருஷந்தோறும் ஏராளமான கன்றுகள் நடப்பட்டு வருகின்றன. ஆயினும் நடுவது ஒரு நாள் வேலை. வளர்ப்பது பல வருஷங்களின் வேலை. மானியப் பணம் எந்த வேலைக்கு, எந்த வரிசையில் செலவிடப்படுகிறது என்பதைப் பொறுத்தே பலன் அமைகிறது. இதற்குச் சென்னை நகரத்திலேயே நல்லதோர் உதாரணம் உண்டு.

கழிமுகம் கெட்ட வரலாறு

அடையாறு ஏறத்தாழ 42 கிலோமீட்டர் தூரம் ஓடி, மயிலாப்பூருக்குத் தெற்கே கடலில் கலக்கின்றது. ஆற்று முகத்திலிருந்து ஓர் உப்பங்கழி வடக்கே பிரிந்து, குயிபிள் தீவு என்னும் மேட்டு நிலத்தைச் சுற்றி வளைந்து, ராஜா அண்ணாமலைபுரம் வரையில் செல்கிறது. கடல் நீர் ஏறி இறங்கும் இக்கழியில் மீனும் நண்டும் பெருகின. பறவைகள் இரை தேடி வந்தன. நகரம் வளர வளர, வீடிடித்த கல்லும் மண்ணும் குப்பையும் இங்கே கொட்டப்பட்டன. சாக்கடை நீர் வந்து விழுந்தது. நீர் ஓடும் வழிகள் தூர்ந்தன. நீர் தங்கும் நிலத்தை மேடாக்கினால், தங்க இடமற்ற வெள்ளம் குடியிருப்புகளையே நாடும். 2015ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் அடையாறு கரைபுரண்டு, கோட்டூர்புரம் முதலிய இடங்களில் வீடுகளுக்குள் புகுந்ததை நகரத்தார் மறந்திலர்.

நிலம் திருத்தப்பட்ட விதம்

இக்கழியை மீட்கும் பொருட்டு 2006ஆம் வருஷத்தில் அடையாறு பூங்கா அறக்கட்டளை என்ற ஸ்தாபனத்தைத் தமிழ்நாடு சர்க்கார் ஏற்படுத்தினர். 2010இல் அதுவே சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஆரோவில்லைச் சேர்ந்த பிச்சாண்டிக்குளம் வன ஆலோசகர்கள் திட்டத்தை வகுத்தனர். முதற் பகுதி 58 ஏக்கர். அதற்கடுத்த கழியையும் முகத்துவாரத்தையும் சேர்த்து மொத்தம் 358 ஏக்கர் திட்டத்திற்குள் வந்தது. செலவு சுமார் 100 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்டது. முதற் பகுதி 2011ஆம் வருஷம் ஜனவரி 22ஆம் தேதி தொல்காப்பியப் பூங்கா என்னும் பெயருடன் திறக்கப்பட்டது.

விவசாயிகள் கவனிக்கவேண்டியது வேலை நடந்த வரிசையாகும். முதலில் குப்பையும் இடிபாடுகளும் அகற்றப்பட்டன. பின்னர் நீர்ப்பரப்பு அகலமாக்கப்பட்டது. பூங்காவின் பரப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு 65 பங்கு நீராகவே விடப்பட்டது. அதன் பின்னரே நடவு நடைபெற்றது. நடவிலும் இடத்துக்கேற்ற இனம் எதுவென்று ஆராயப்பட்டது. உப்பு நீர் ஏறும் ஓரங்களுக்கு அலையாத்தி இனங்கள் ஏற்றவை. மேட்டு நிலத்திற்குச் சோழமண்டலக் கரைக்கு இயல்பான என்றும் பசுமையான மரங்களும் புதர்களும் கொடிகளும் ஏற்றவை. காண்பதற்கு அழகாயிருக்கிறதென்று அயல்நாட்டு மரங்களை மட்டும் வரிசையாக நட்டிருந்தால், கழியை நம்பி வாழும் உயிர்களுக்குப் பிரயோஜனம் உண்டாகியிராது.

பாதைகளும் இவ்வாறே யோசித்து அமைக்கப்பட்டன. பார்வையிட வருவோரும் பள்ளிப் பிள்ளைகளும் வழிகாட்டிகளுடன் குறித்த பாதையிலேயே செல்லுமாறு ஏற்பாடு செய்யப்பட்டது. பாதை ஒன்றாயிருந்தால் மற்ற இடங்களில் மண் மிதிபட்டு இறுகாது, இளங்கன்றுகளும் அழியா.

சிறு முதலில் பெரும் பயன்

இவ்வளவு பெருந்தொகை கிடைத்தாலன்றி ஒன்றும் செய்யவியலாது என்று எண்ணுதல் தவறு. அதே அடையாற்றங்கரையில், கோட்டூர்புரத்தில், குப்பைமேடாயிருந்த சர்க்கார் நிலமொன்று 2006ஆம் வருஷம் முதல் மரப்பூங்காவாக மாற்றப்பட்டது. நிழல் என்னும் அமைப்பினர் பொறுப்பேற்க, அக்கம்பக்கத்தார் தாமாகவே வந்து குழி வெட்டினர், நீர் ஊற்றினர், களை எடுத்தனர். இங்கே முதலாயிருந்தவை இரண்டு: நிலத்தை உபயோகிக்க அனுமதி, விடாமல் கவனிக்கும் ஆட்கள். இவ்விரண்டும் கிராமத்திலும் கிடைக்கக்கூடியவையே.

பட்டா நிலத்திற்கு மானியம்

தமிழ்நாடு சர்க்கார் 2021-22ஆம் வருஷத்தில், விவசாய நிலங்களுக்கென நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தைத் தொடங்கினர். அத்திட்டத்தின்படி வரப்போரத்தில் நடுவதானால் ஏக்கருக்கு 60 கன்றுகளும், வயல் முழுவதும் நடுவதானால் 160 கன்றுகளும் இனாமாகக் கொடுக்க ஏற்பாடு செய்யப்பட்டது. மேலும் இரண்டாம் வருஷம் முதல் மூன்று வருஷங்களுக்கு, உயிருடன் உள்ள கன்று ஒன்றுக்கு வருஷம் 7 ரூபாய் வீதம் ஊக்கத்தொகை குறிக்கப்பட்டது.

இதன் கணக்கைச் சற்றுப் பார்ப்போமாயின் திட்டத்தின் கருத்து விளங்கும். வரப்பில் நட்ட 60 கன்றுகளும் பிழைத்தால், மூன்று வருஷங்களில் 1,260 ரூபாய் கிடைக்கும். பாதி பட்டுப்போனால் 630 ரூபாயே கிடைக்கும். அதாவது பணம் நட்டதற்கன்று, காப்பாற்றியதற்கே கொடுக்கப்படுகிறது. இத்தொகை சிறிதே, மரம் பருவமடைந்தபின் வரும் வருமானமே விவசாயியின் உண்மையான லாபம். அந்தந்த வருஷத்தில் அமலிலுள்ள விகிதத்தை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் விசாரித்து, சிட்டா, அடங்கல் நகல்களுடன் முன்னதாகவே பதிந்துகொள்வது நலம்.

நடவுக்குரிய முறைகள்

குழிகளைக் கோடையிலேயே ஒன்றரையடி நீள அகல ஆழத்தில் வெட்டி ஆறவிட வேண்டும். மேல்மண்ணுடன் மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்பி, ஐப்பசி மழை பிடித்ததும் நடவேண்டும். உவர் நிலத்திற்குப் புங்கம், பூவரசு, சவுக்கு ஆகியவை ஏற்றவை. வரப்பு மரங்களின் வேர் பயிரின் உரத்தை உண்ணும் என்ற அச்சம் நியாயமானதே. வரப்பையொட்டி இரண்டடி ஆழத்திற்குச் சால் வெட்டிப் பக்க வேர்களை அறுத்துவந்தால் அத்தொல்லை குறையும். முதல் இரண்டு கோடைகளில் நீரும் ஆடுமாடுகளுக்கு அடைப்பும் இல்லாவிடில் மற்ற வேலையெல்லாம் வீணாகும்.

கிராம அதிகாரிகளின் கடமை

பொது நிலங்களில் வேலை தொடங்குமுன் சர்வே எண்ணையும் எல்லையையும் அளந்து கல் நாட்டவேண்டும். எல்லை தெரியாத புறம்போக்கில் நட்ட மரம் பின்னர் வழக்குக்கு இடமாகும். ஓடை, வாய்க்கால், ஏரி நீர்ப்பிடிப்பு ஆகியவற்றை எக்காரணம் பற்றியும் மேடாக்கி நடலாகாது. அடையாற்றுக் கழி கெட்டது அவ்விதமேயாம். பாதை அமைக்கும்போது மழைநீர் குறுக்கே ஓடும் இடங்களில் சிறு மதகு வைக்கவேண்டும். ஏரிக்கரைக்குப் பனை உகந்தது. பெரு மரங்களைக் கரையின் மேல் வைத்தால், அவை பட்டபின் வேர் மக்கிய துவாரத்தின் வழியே நீர் கசிந்து கரை உடைய ஏதுவாகும்.

மானியத்தொகையைச் செலவிடுகையில் நடவுக்கு எவ்வளவு, மூன்று வருஷக் காவலுக்கும் நீருக்கும் எவ்வளவு என்று முன்னமே பிரித்து எழுதிவைத்தல் வேண்டும். வருஷந்தோறும் பங்குனி மாதத்தில் கன்றுகளை எண்ணி, பிழைத்தவை இத்தனை, பட்டவை இத்தனை என்று பதிவேட்டில் குறித்து, அதைக் கிராம சபையில் வாசிக்கவேண்டும். நட்ட எண்ணிக்கையைச் சொல்லுவது எளிது. நிற்கும் எண்ணிக்கையே கிராமத்தின் ஆஸ்தி.

நகரத்தார் தூர்த்த கழியை மீட்கக் கோடிக்கணக்கில் செலவிட நேர்ந்தது. ஓடையும் ஏரியும் இன்னும் தூராமல் இருக்கும் கிராமங்கள், அவற்றைக் காத்துக்கொள்வதற்கு அதில் ஒரு சிறு பங்கும் செலவிட வேண்டுவதில்லை. காலத்தில் கவனித்தலே போதுமானது.