கேஸ் கட்டைத் தராத வக்கீல்

கேள்வி: போடி மெட்டுக்கு மேலே எங்களுக்குச் சிறிய ஏலத் தோட்டம் இருக்கிறது. காய் எடுத்த வியாபாரி பணம் தராமல் இழுத்ததால் போடி கோர்ட்டில் வழக்குப் போட்டோம். வக்கீல் கேட்டபோதெல்லாம் பீஸ் கொடுத்தேன். ரசீது வாங்கவில்லை. அவர் வாய்தாவுக்குப் போகாமல் வழக்கு தள்ளுபடியாகிவிட்டது என்று இப்போதுதான் தெரிகிறது. கட்டைக் கேட்டால், "பாக்கி பீஸை வைத்துவிட்டு எடுத்துப் போங்கள்" என்கிறார். நுகர்வோர் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்கலாமா?
– ஒரு வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: கேட்க முடியாது, ஐயா. ஆனால் நீங்கள் அப்படி நினைத்ததில் நியாயம் இருக்கிறது. காசு கொடுத்துச் சேவை பெறுகிறவர் நுகர்வோர்தானே? மருத்துவர்களை 1995-லேயே உச்ச நீதிமன்றம் நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. வக்கீல்களும் அதற்குள் வருவார்கள் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2007-ல் ஒரு டெல்லி வழக்கில் சொன்னது. அந்த வழக்கின் கதை உங்களுக்குப் பழகியதாகத் தோன்றும். திரும்பிய 20,000 ரூபாய்க் காசோலைக்காக ஒருவர் வக்கீல் வைத்தார். எதிராளி பணத்தைக் கொடுத்த பிறகும் வக்கீல் அதைத் தன்னிடம் சேர்க்கவில்லை, ரொக்கமாக 5,000 ரூபாய் கேட்டார் என்பது அவர் புகார்.

அந்த முடிவை 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் மாற்றிவிட்டது. வக்கீல் கட்சிக்காரரின் சொல்லை மீறித் தன் இஷ்டத்துக்கு வழக்கை நடத்த முடியாது. ஆகவே அது 'தனிப்பட்ட சேவை ஒப்பந்தம்', அதாவது வேலை எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் வேலை கொடுத்தவரிடமே இருக்கும் உறவு என்றது தீர்ப்பு. அத்தகைய சேவையை நுகர்வோர் சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. சாதாரண ஜனங்களுக்குச் செலவு குறைந்த ஒரு வழி இதனால் அடைபட்டது என்பதே என் எண்ணம். இருந்தாலும் வேறு வழிகள் உண்டு.

நஷ்டஈட்டை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். முதலில் காப்பாற்ற வேண்டியது வழக்கை. வாதி வராததால் தள்ளுபடியான வழக்கை மறுபடி கோப்பில் எடுக்க, தள்ளுபடியான நாளிலிருந்து 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும். நாள் கடந்திருந்தால், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்துப் போடலாம். வக்கீல் வராத குற்றத்துக்குக் கட்சிக்காரர் நட்டப்படக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1981-ல் சொல்லியிருக்கிறது. ஆனால் நீங்களும் வழக்கை விசாரித்துக்கொண்டுதான் இருந்தீர்களா என்று நீதிபதி கேட்பார். வக்கீலுக்கு அனுப்பிய வாட்ஸ்அப், பணம் போட்ட ஜிபே விவரம் எதையும் அழித்துவிடாதீர்கள். தள்ளுபடியான தேதியை இ-கோர்ட்ஸ் செயலியில் சி.என்.ஆர். எண்ணைப் போட்டு, தோட்டத்தில் இருந்தபடியே பார்த்துக்கொள்ளலாம். அது ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும், எழுத்தும் எண்ணும் கலந்த 16 இட அடையாளம்.

அடுத்தது கட்டு. பீஸ் பாக்கிக்காக கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை உண்டு என்றுதான் பலரும், சில வக்கீல்களும்கூட, நம்புகிறார்கள். கிடையாது. 2000-ல் ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. பாக்கி இருந்தால் வக்கீல் வழக்குப் போட்டு வசூலிக்கலாம், கட்டை அடகுப் பொருளாக வைக்க முடியாது. கேட்டும் தராமலிருப்பது தொழில் ஒழுக்கக்கேடு. உங்கள் கட்டில் எடைச் சீட்டும் வியாபாரி கையெழுத்துப் போட்ட துண்டுச் சீட்டும் இருக்கும். அவற்றின் அசல் கோர்ட்டில் தாக்கலாகியிருந்தால் நகல் மனுப் போட்டு நகல் வாங்கலாம். வக்கீல் கையிலேயே இருந்தால், என்னென்ன சீட்டு என்று ஒவ்வொன்றாக எழுதி, திருப்பித் தரும்படி ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்பி, அது சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள்.

புது வக்கீல், "பழையவரிடம் சம்மதக் கையெழுத்து வாங்கி வாருங்கள்" என்பார். விதி அப்படித்தான். ஆனால் பழையவர் மறுத்தால் புதியவர் காரணத்தைச் சொல்லிக் கோர்ட்டின் அனுமதி பெற்று ஆஜராகலாம் என்பதும் அதே விதியில் இருக்கிறது. கையெழுத்துக்காக மாதக்கணக்கில் அலைய வேண்டாம்.

இனி பணம். பீஸுக்காக வழக்குப் போடும் உரிமையை வக்கீலுக்குக் கொடுத்த 1926-ம் வருடத்துச் சட்டமே, அவருடைய அலட்சியத்தால் நட்டமானால் கட்சிக்காரர் அவர்மேல் வழக்குப் போடலாம் என்றும் சொல்கிறது. அது சிவில் கோர்ட்டில். வழக்கு ஒழுங்காக நடந்திருந்தால் உங்களுக்குப் பணம் வந்திருக்கும் என்பதை அங்கே காட்ட வேண்டும். வழக்குத் தோற்றது மட்டும் வக்கீலின் தவறாகாது. வாய்தாவுக்கே போகாதது வேறு விஷயம்.

நடத்தை பற்றிய புகாருக்கு இடம் பார் கவுன்சில். 1961-ம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின் 35-வது பிரிவில் எழுத்துப் புகார் கொடுக்கலாம். ஒழுங்கு நடவடிக்கைக் குழு அவரைக் கண்டிக்கலாம், தொழில் செய்யத் தற்காலிகமாகத் தடை விதிக்கலாம், பட்டியலிலிருந்தே நீக்கலாம். உங்கள் நட்டத்துக்கு ஈடு வாங்கித் தருவது அதன் வேலையல்ல. ஓராண்டுக்குள் விசாரணை முடியாவிட்டால் புகார் இந்திய பார் கவுன்சிலுக்குப் போகும்.

போடிக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தோட்டம் கேரளப் பக்கம் இருப்பதால் பலருக்கும் தேவிகுளம், நெடுங்கண்டத்திலும் வழக்கு இருக்கும். வழக்கு நடக்கும் ஊரைப் பார்த்துப் புகார் அனுப்பக் கூடாது. வக்கீல் எந்த மாநிலப் பட்டியலில் பதிவு செய்திருக்கிறாரோ அந்த மாநில பார் கவுன்சிலுக்கே அனுப்ப வேண்டும். வக்காலத்தில் அவர் பெயருக்குக் கீழே பதிவு எண் இருக்கும். 'எம்.எஸ்.' என்று தொடங்கினால் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள தமிழ்நாடு–புதுச்சேரி பார் கவுன்சில். 'கே' என்றால் எர்ணாகுளத்தில் உள்ள கேரள பார் கவுன்சில்.