பழமும் பழ மாத்திரையும்: பின்லாந்து ஆய்வு கற்றுத்தரும் பாடம்



மாதுளைச் சாரம், திராட்சை விதைச் சாரம், கிரீன் டீ சாரம், மஞ்சள் கேப்சூல். மருந்துக்கடை அலமாரியிலும் நம்ம போனில் வரும் விளம்பரத்திலும் இவற்றைத் தினமும் பார்க்கிறோம். "புற்றுநோயைத் தடுக்கும்" என்று டப்பா மேலே நேராக எழுத முடியாது, சட்டம் விடாது. அதனால் "செல்களைப் பாதுகாக்கும்", "ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்தது" என்று சுற்றி வளைத்து எழுதுகிறார்கள். வாங்குகிறவர்களுக்கு அது புரிந்துவிடும்.

இதற்குப் பின்னால் இருக்கிற கணக்கு எளிமையானது. பழம் சாப்பிடுகிறவர்களுக்குப் புற்றுநோய் குறைவு. பழத்தில் ஒரு நல்ல பொருள் இருக்கிறது. அந்தப் பொருளை மட்டும் பிரித்தெடுத்து, செறிவாக்கி, தினமும் ஒன்று விழுங்கினால் பலனும் அத்தனை மடங்கு கூடும். என்ஜினீயரிங் படிக்கிற நமக்கு இந்த யோசனை ரொம்பவே பிடிக்கும். தேவையில்லாததை வடிகட்டு, தேவையானதைக் கூட்டு, அவ்வளவுதானே?

இந்தக் கணக்கு சரியா என்று உலகம் ஏற்கெனவே மிகப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்துவிட்டது. வந்த விடை யாரும் எதிர்பார்க்காதது.

கேரட்டிலிருந்து கேப்சூலுக்கு

மாம்பழம், பப்பாளி, பறங்கிக்காய், கேரட் இவற்றுக்கு மஞ்சள், ஆரஞ்சு நிறம் தருகிற முக்கியமான நிறமி பீட்டா கரோட்டின். நம் உடல் இதிலிருந்து வைட்டமின் ஏ தயாரித்துக்கொள்கிறது. 1970களில் பல நாடுகளில் செய்த ஆய்வுகள் ஒரே மாதிரி பேசின. பீட்டா கரோட்டின் உள்ள காய், பழங்களை நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருகிறது. அவர்களின் ரத்தத்திலும் அந்த நிறமி அதிகமாக இருக்கிறது. 1981இல் ரிச்சர்ட் டால், ரிச்சர்ட் பீட்டோ உள்ளிட்ட நான்கு பேர் 'நேச்சர்' இதழில் இதைக் கேள்வியாகவே வைத்தார்கள்: உணவில் உள்ள பீட்டா கரோட்டின் மனிதர்களின் புற்றுநோயைக் கணிசமாகக் குறைக்குமா? சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவியவர்களில் ஒருவர் டால். அவரே கேட்கிறார் என்றால் சும்மா விடுவார்களா?

பின்லாந்தின் தென்மேற்குப் பகுதியில் 1985இல் ஆள் சேர்ப்பு தொடங்கியது. 50 முதல் 69 வயது வரை உள்ள, சிகரெட் பிடிக்கிற ஆண்கள் மொத்தம் 29,133 பேர். குலுக்கல் முறையில் பிரித்து, ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். மீதிப் பேருக்கு அது இல்லை. (வைட்டமின் ஈ-யையும் இதே ஆய்வில் சோதித்தார்கள். நுரையீரல் புற்றுநோயை அது குறைக்கவில்லை.) யாருக்கு எந்த மாத்திரை என்று கொடுப்பவருக்கும் தெரியாது, விழுங்குபவருக்கும் தெரியாது. 5 முதல் 8 ஆண்டுகள் வரை இப்படியே போனது.

1994இல் முடிவு வெளியானது. பீட்டா கரோட்டின் எடுக்காத பாதியில் 402 பேருக்கு நுரையீரல் புற்றுநோய். எடுத்த பாதியில் 474 பேருக்கு. அதாவது 18% அதிகம். மொத்த மரணங்களும் 8% அதிகம்.

தடுக்கும் என்று கொடுத்த மாத்திரை நோயைக் கூட்டியிருக்கிறது. தற்செயலாக வந்த முடிவாக இருக்கும் என்றுகூடச் சிலர் நினைத்தார்கள். ஆனால் அதே நேரத்தில் அமெரிக்காவில் இன்னொரு ஆய்வு ஓடிக்கொண்டிருந்தது. சிகரெட் பிடிப்பவர்கள், விட்டவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை செய்தவர்கள் என 18,314 பேர். 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-யும் கொடுத்தார்கள். 1996 ஜனவரியில், திட்டமிட்டதற்கு 21 மாதங்கள் முன்னதாகவே அதை நிறுத்த வேண்டி வந்தது. மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 28% அதிகம், மரணம் 17% அதிகம்.

இப்போ இந்தப் பாடத்தின் முக்கியமான இடத்துக்கு வருவோம். பின்லாந்து ஆய்வில் வெற்று மாத்திரை எடுத்தவர்களை மட்டும் தனியாகப் பார்த்தார்கள். அவர்களில் யாருடைய சாப்பாட்டில் பீட்டா கரோட்டின் அதிகமாக இருந்ததோ, யாருடைய ரத்தத்தில் அது இயல்பாகவே அதிகமாக இருந்ததோ, அவர்களுக்குப் புற்றுநோய் குறைவாகத்தான் வந்திருந்தது! அதே ஊர், அதே வயது, அதே சிகரெட் பழக்கம், அதே மூலக்கூறு. தட்டில் வந்தபோது நல்ல செய்தி, கேப்சூலில் வந்தபோது கெட்ட செய்தி. பழைய ஆய்வுகள் பார்த்தது பொய் இல்லை. அதற்கு நாம் சொன்ன காரணம்தான் தவறு.

எங்கே தப்பியது?

முதல் ஓட்டை நமக்கு நன்றாகத் தெரிந்ததுதான்: கோரிலேஷன் வேறு, காரணம் வேறு. ரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகம் என்றால் அந்த மனிதர் காய், பழம் நிறையச் சாப்பிடுகிறார் என்று அர்த்தம். அவற்றோடு நார்ச்சத்து, ஃபோலேட், வைட்டமின் சி, நூற்றுக்கணக்கான பாலிஃபீனால்கள் எல்லாம் உள்ளே போகின்றன. அப்படிச் சாப்பிடுகிறவர் சராசரியாகக் குறைவாகக் குடிப்பவராக, குறைவாகப் புகைப்பவராகவும் இருப்பார். பீட்டா கரோட்டின் இங்கே இண்டிகேட்டர் லைட் மாதிரி. மோட்டார் ஓடும்போது லைட் எரிகிறது என்பதற்காக, லைட்டுக்குத் தனியாக பேட்டரி கொடுத்தால் மோட்டார் ஓடுமா?

சரி, அப்படியானால் பலன் இல்லாமல் போயிருக்க வேண்டும். கெடுதல் எப்படி வந்தது? இரண்டாவது ஓட்டை இங்கே இருக்கிறது.

நடுத்தர அளவு கேரட் ஒன்றில் சுமார் 5 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் இருக்கும். அப்படிப் பார்த்தால் 20 மில்லிகிராம் என்பது நான்கு கேரட்தானே, இதில் என்ன ஆபத்து என்று தோன்றும். ஆனால் கேரட்டில் அது செல் சுவருக்குள் சிக்கிக் கிடக்கிறது. கடித்து, மென்று, செரித்த பிறகும் ஒரு பகுதிதான் ரத்தத்துக்குப் போகும். கேப்சூலில் அந்தத் தடை கிடையாது. பின்லாந்தில் மாத்திரை எடுத்தவர்களின் ரத்தத்தில் பீட்டா கரோட்டின் அளவு லிட்டருக்கு 0.17 மில்லிகிராமிலிருந்து 3 மில்லிகிராமாக ஏறியது. 17 மடங்கு! கேரட் சாப்பிட்டு இந்த அளவைத் தொட்டவர்கள் பழைய ஆய்வுகளில் கிடையாது.

ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் லேபில் இரும்புக் கம்பியை இழுத்துப் பார்த்திருப்பீர்கள். ஆரம்பத்தில் கிராஃப் நேர்கோடாகப் போகும். அந்த நேர்கோட்டை மட்டும் பார்த்துவிட்டு, 17 மடங்கு லோடு கொடுத்தாலும் இதே கோட்டில்தான் போகும் என்று எழுதினால் வைவாவில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பழம் பற்றிய தரவு பழம் தருகிற அளவுக்குள் மட்டும்தான் செல்லும்.

அந்த எல்லைக்கு வெளியே என்ன நடக்கிறது? பீட்டா கரோட்டின் எப்போதும் ஆன்டிஆக்ஸிடன்ட்டாகவே இருப்பதில்லை. ஆக்ஸிஜன் அழுத்தம் குறைவாக உள்ள இடத்தில் அது ஃப்ரீ ரேடிகல்களை அடக்கும். அழுத்தம் கூடி, தன் செறிவும் கூடினால், அதுவே ஆக்ஸிஜனேற்றத்தைத் தூண்டும் பக்கம் சாயும். இது 1984லேயே பரிசோதனைக் கூடத்தில் தெரிந்த வேதியியல். உடலில் ஆக்ஸிஜன் அழுத்தம் மிக அதிகமாக உள்ள இடம் எது? நுரையீரல். அதிலும் சிகரெட் புகை படும் நுரையீரல்.

பிறகு விஞ்ஞானிகள் ஃபெரெட் என்ற விலங்கை வைத்து இதைச் சோதித்தார்கள். (எலி இதற்கு உதவாது. எலியின் குடலே பீட்டா கரோட்டினைக் கிட்டத்தட்ட முழுசாக வைட்டமின் ஏ-ஆக மாற்றிவிடும். ஃபெரெட் நம்மைப் போல அதை அப்படியே ரத்தத்தில் ஏற்றிக்கொள்ளும்.) 1999இல் வந்த முடிவில், அதிக அளவு பீட்டா கரோட்டினும் புகையும் சேர்ந்த விலங்குகளின் நுரையீரலில், செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகாமல் பார்த்துக்கொள்ளும் ரெட்டினாயிக் அமிலம் குறைந்திருந்தது. புற்றுநோய்க்கு முந்தைய கட்டமாகக் கருதப்படும் செல் மாற்றங்களும் தெரிந்தன. பழத்திலிருந்து கிடைக்கக்கூடிய குறைந்த அளவைக் கொடுத்தபோது இந்தக் கெடுதல் வரவில்லை.

எல்லா மாத்திரையும் விஷமா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் 22,071 ஆண் மருத்துவர்கள் 12 ஆண்டுகள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் 50 மில்லிகிராம் பீட்டா கரோட்டினோ வெற்று மாத்திரையோ எடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் புகைபிடிக்காதவர்கள். கெடுதலும் இல்லை, பலனும் இல்லை. சீனாவின் லின்ஷியான் பகுதியில் நடந்த ஆய்வில் பலனே கிடைத்தது. 29,584 பேர்; பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ, செலினியம் மூன்றும் சேர்த்துக் கொடுத்ததில் இரைப்பைப் புற்றுநோய் மரணம் 21% குறைந்தது. ஆனால் அங்கே மக்களின் சாப்பாட்டிலேயே இந்தச் சத்துகள் பற்றாக்குறை. பள்ளத்தை நிரப்பினால் ரோடு சமமாகும். சமமான ரோட்டில் அதே மண்ணைக் கொட்டினால் மேடாகும்.

"இதெல்லாம் சிந்தெடிக் வைட்டமின் பாஸ், எங்க புராடக்ட் நேச்சுரல்" என்று ஒருவர் சொல்வார். சொல்லட்டும். பாக்கும் நேச்சுரல்தான், புகையிலைகூட ஒரு செடியின் இலைதான். வெற்றுப் பாக்கே மனிதர்களுக்குப் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அறிவித்திருக்கிறது.

நம்ம வீட்டு மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். மஞ்சள்தூளில் குர்க்குமின் எடையில் சுமார் 3%. 95% குர்க்குமின் உள்ள 500 மில்லிகிராம் கேப்சூல் ஒன்றில் 475 மில்லிகிராம். அதைத் தூளாகச் சாப்பிட வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 16 கிராம் வேண்டும். சாம்பாரில் அவ்வளவு மஞ்சளைப் போட்டால் அம்மாவே அதை வாயில் வைக்க மாட்டார். குர்க்குமின் ரத்தத்தில் சரியாகச் சேராது என்பதால் பல கேப்சூல்களில் மிளகின் பைப்பரினையும் சேர்க்கிறார்கள். 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தால் 2 கிராம் குர்க்குமினின் உறிஞ்சுதல் மனிதர்களில் 2000% கூடும் என்று கண்டது பெங்களூரில் 1998இல் வெளிவந்த ஆய்வு. ரசத்தில் மஞ்சளும் மிளகும் சேருவதும் இதுவும் ஒன்றுதான் என்று பெருமைப்படத் தோன்றும். ஆனால் அளவு ஒன்றல்ல. மஞ்சள் கேப்சூலால் கல்லீரல் பாதிப்பு வந்த 10 பேரை அமெரிக்க மருத்துவர்கள் 2022இல் பதிவு செய்தார்கள். ஒருவர் இறந்தே போனார்.

கிரீன் டீயும் இதே கதைதான். டீயாகக் குடிப்பவருக்கு அதிலுள்ள ஈஜிசிஜி என்ற பொருள் சராசரியாக நாளொன்றுக்கு 90 முதல் 300 மில்லிகிராம் கிடைக்கிறது. சாரமாக 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்தால் கல்லீரல் நொதிகள் உயர்வதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் கணித்தது. எடை குறைக்கவென்று ஜிம் பையில் இந்தக் கேப்சூலை வைத்திருக்கும் ஹாஸ்டல் நண்பர்கள் டப்பாவின் பின்பக்கத்தை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

தாவரத்திலிருந்து பிரித்தெடுப்பதே தவறு என்று இதற்கு அர்த்தமில்லை. நம் ஊர் வேலியோரம் பூக்கும் நித்திய கல்யாணியிலிருந்து எடுத்த வின்கிரிஸ்டின், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கிற மருந்து. ஆனால் அது நோய் வந்தவருக்கு, எடை, உயரம் பார்த்து அளந்து, பக்கவிளைவைக் கண்காணித்துக்கொண்டே ஏற்றுவது. ஆரோக்கியமாக இருப்பவர் வருஷக்கணக்கில் விழுங்குவது அல்ல. தடுப்பு என்ற பெயரில் கொடுக்கிற எதற்கும் பாதுகாப்பு அளவுகோல் இன்னும் கடுமையாக இருக்க வேண்டும்.

பழத்தின் பலம் எவ்வளவு?

பழத்துக்கும் விளம்பர ஏஜென்ட் ஆகிவிட வேண்டாம். ஐரோப்பாவில் சுமார் 4.78 லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2010இல் வந்தது. நாளொன்றுக்கு 200 கிராம் காய், பழம் கூடுதலாகச் சாப்பிட்டவர்களுக்கு மொத்தப் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 3% குறைவு. அவ்வளவுதான். தொகை சிறியது, அதிலும் மற்ற நல்ல பழக்கங்களின் பங்கு கலந்திருக்கலாம். வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்களிலும், நார்ச்சத்தைப் பொறுத்தவரை பெருங்குடல் புற்றுநோயிலும் ஆதாரம் இதைவிட வலுவானது. சிகரெட்டை விடுவதோடு ஒப்பிட்டால் இதெல்லாம் சில்லறை. பெட்டிக்கடை வாசலில் நின்று புகைத்துவிட்டு, பரிகாரமாக மாதுளை ஜூஸ் குடிக்கிற கணக்கு எந்த ஆய்விலும் நேராகவில்லை.

ஆன்டிஆக்ஸிடன்ட் 'ஸ்கோர்' பார்த்துப் பழம் வாங்குவதும் தேவையில்லை. அந்த ஸ்கோர் சோதனைக் குழாயில் எடுத்தது. உடலில் அப்படியே பலிக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அமெரிக்க வேளாண் துறை தான் வெளியிட்டிருந்த அந்தப் பட்டியலை 2012இல் தளத்திலிருந்து எடுத்தே விட்டது. கொய்யா, பப்பாளி, நெல்லிக்காய், சீசனில் கிடைக்கும் மாம்பழம் போதும். வடிகட்டிய ஜூஸாக இல்லாமல் கடித்துச் சாப்பிட்டால் நார்ச்சத்தும் உள்ளே போகும், நாலு பழத்தின் சர்க்கரை ஒரே மடக்கில் இறங்காது.

இப்போது வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்று. அப்பாவோ மாமாவோ சிகரெட் பிடிப்பவராக, அல்லது முன்பு பிடித்தவராக இருந்து, கண்ணுக்கென்றோ சத்துக்கென்றோ மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால், அந்த டப்பாவில் பீட்டா கரோட்டின் எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். கண் நோய்க்கான மாத்திரையைச் சோதித்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், 2013இல்கூட, பீட்டா கரோட்டின் எடுத்தவர்களில் நுரையீரல் புற்றுநோய் அதிகமாக வந்தது. அவர்களில் பெரும்பாலோர் சிகரெட்டை எப்போதோ விட்டவர்கள். அதற்குப் பதிலாக லூட்டின் சேர்த்த மாத்திரைகள் இருக்கின்றன, டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். வீட்டில் யாராவது கீமோ சிகிச்சையில் இருந்தால், மஞ்சள் கேப்சூல் உட்பட எந்தச் சாரத்தைத் தொடங்கும் முன்பும் சிகிச்சை தரும் டாக்டரிடம் டப்பாவோடு காட்டிவிடுங்கள். பின்லாந்தில் மாத்திரையை நிறுத்திய சில ஆண்டுகளில் அந்தக் கூடுதல் ஆபத்து மறைந்துவிட்டது என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.