அயலாரும் காவலும்

இரசாயனம் பயில்பவனுக்குக் குற்றங்களைப் பற்றிய ஆராய்ச்சியில் என்ன வேலை என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். சென்ற குளிர்காலத்தில் எங்கள் விடுதியில் நிகழ்ந்த ஒரு களவே என்னை இதன்பால் ஈர்த்தது.

ஞாயிற்றுக்கிழமை நண்பகல். வாயிற்படியில் வெயில் காய்ந்தவாறு தமிழர் நால்வர் பேசிக்கொண்டிருந்தோம். முகமறியாத ஒருவன் பூட்டிய சைக்கிளின் பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் முன்னாலேயே உருட்டிச் சென்றான். சாவி தொலைந்திருக்கும் என்றார் ஒருவர். நமக்கேன் என்றேன் நான். சைக்கிள் என் அடுத்த அறையிலிருந்த ஒடிசா மாணவருடையது. அவர் பெயரையே அன்று மாலைதான் அறிந்தேன். ஆறு மாதங்கள் ஒரே சுவரின் இருபுறமும் வாழ்ந்திருக்கிறோம்!

மக்களிடையே நிலவும் நம்பிக்கை, பழக்கம், ஒருவருக்கொருவர் உதவும் கடப்பாடு ஆகியவற்றைச் சமூக மூலதனம் என்பர் சமூகவியலார். அது மிக்க இடத்தில் குற்றம் குறையும் என்பது பொதுவான கருத்து. எவ்வாறு குறைகிறது என்பதே வினா. ராபர்ட் சாம்ப்சன் முதலிய மூவர் 1997-ஆம் ஆண்டு 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை இதனை ஆராய்கிறது. (இரசாயனக் கட்டுரை தேடப் புகும் அதே இதழ்தான்!) 1995-இல் சிக்காகோ நகரின் 343 பகுதிகளில் 8,782 பேரை வினவினர். பள்ளிக்குச் செல்லாத சிறுவர் தெருமுனையில் திரிந்தால் அயலார் தலையிடுவார்களா? சுவரில் கிறுக்கினால்? வீட்டெதிரே சண்டை மூண்டால்? இங்குள்ளோர் நம்பத்தக்கவரா?

ஆம் என்ற விடை மிகுந்த பகுதிகளில் வன்செயல் குறைந்திருந்தது; வறுமை முதலியவற்றைக் கணக்கில் கொண்ட பின்பும் அவ்வாறே. ஆனால் என்னை நிறுத்தியது வேறொரு முடிவு. நட்பும் உறவும் மலிந்திருப்பதோ, சங்கங்கள் பல இருப்பதோ மட்டும் போதவில்லை. தவறு கண்டால் கேட்பது, கேட்டால் மற்றவர் துணை நிற்பர் என நம்புவது, இவ்விரண்டும் இணைந்த ஆற்றலே பயன் தந்தது.

நம் சங்கத்தை நினைத்தேன். பொங்கலுக்குத் திரள்கிறோம், காய்ச்சலில் கிடப்பவனுக்குக் கஞ்சி போகிறது. இதனைக் குறைத்துப் பேச மாட்டேன். இஃது இல்லையேல் முதலாண்டிலேயே மூட்டை கட்டியிருப்பேன். அன்று படியிலிருந்த நால்வரிடையேயும் இப்பிணைப்பு நிறையவே இருந்தது. அது நால்வரோடு நின்றுவிட்டது. நம்மவர் சைக்கிளாயின் எழுந்திருப்போம் என்பதில் ஐயமில்லை.

பழி முழுவதும் எங்களுடையது அன்று. குடியிருப்போர் அடிக்கடி இடம் மாறும் பகுதிகளில் இவ்வாற்றல் குன்றியிருந்ததையும் அக்கட்டுரை காட்டுகிறது. ஆண்டுதோறும் அறை மாற்றும் விடுதியில் அயலாருடன் பழக்கம் வேரூன்றுவது எளிதன்று.

இந்தி சரளமாக வாராது என்பது அன்று நாங்கள் சொல்லிக்கொண்ட மற்றொரு சமாதானம். "யாருடைய சைக்கிள்?" என்று கேட்குமளவு இந்தி நால்வருக்குமே வரும்.